மானியத்தில் பாதி நம் பணம்

காரைக்குடியில் கழனிவாசல் பக்கம் எங்கள் முலாம் பட்டறை இருக்கிறது. அரிசி ஆலைக்கும் பம்பு செட்டுக்கும் வேண்டிய போல்ட், நட்டுகளுக்குத் துத்தநாக முலாம் பூசிக்கொண்டிருந்த நாங்கள், பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டத்தில் மானியம் பெற்று, கப்பலில் பயன்படும் இணைப்பாணிகளுக்கான ஒரு வேலையை இப்போது செய்து வருகிறோம். இதே வழியில் இறங்க நினைக்கும் சிறு பட்டறைக்காரர்களுக்குப் பயன்படலாம் என்பதால், நடந்ததை எழுதுகிறேன்.

இத்திட்டம் 2018 ஏப்ரலில், சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. முப்படைகளும் தங்களுக்குத் தீர்வு வேண்டிய சிக்கல்களை வெளியிடுகின்றன. புத்தொழில் நிறுவனங்களும் சிறு, குறு நிறுவனங்களும் தனி நபர்களும்கூட விண்ணப்பிக்கலாம். முன்மாதிரி செய்து காட்ட 1.5 கோடி ரூபாய் வரை மானியம் உண்டு. பின்னர் வந்த பிரைம் பிரிவில் இது 10 கோடி வரையும், 2024இல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரையும் உயர்ந்தது. எங்கள் கைக்கு எட்டியது முதல் பிரிவுதான்.

காட்மியம் முலாம் உப்புக் காற்றை நன்கு தாங்கும், ஆனால் நஞ்சு. அதற்கு மாற்றாகத் துத்தநாகமும் நிக்கலும் கலந்த முலாமைக் கொடுப்பதே எங்கள் யோசனை. அரிமானத்தைப் (உலோகம் துருப்பிடித்து அரிபடுவதைப்) பற்றிய ஆய்வுக்குப் பெயர் பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி) எங்கள் ஊரிலேயே இருப்பதால், இந்தத் துணிச்சல் வந்ததில் வியப்பில்லை.

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதைப் பழித்துப் பயனில்லை. பட்டறையின் பெருமையை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, சிக்கலைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தோம். இரண்டாம் முறை தேர்வுக் குழுவின் முன் பேசியபோது, அதிகாரி ஒருவர், உறுதி மிகுந்த எஃகில் முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து ஆணி நொறுங்குமே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முலாம் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் அடுப்பில் வாட்டுவோம் என்றேன். அடுத்து, அந்த அடுப்பின் வெப்பப் பதிவைக் காட்டச் சொன்னார். நல்லவேளையாகப் பதிவேடு மேசையிலேயே இருந்தது.

தேர்வான பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. பணம் மொத்தமாக வராது. கட்டம் கட்டமாக, ஒப்புக்கொண்ட இலக்கு நிறைவேறிய பிறகே வரும். நான் "முலாம் உருவாக்கம், ஆறு மாதம்" என்று எழுதியதைக் கோயம்புத்தூரில் எங்களுக்கு வழிகாட்டிய இன்குபேட்டர்காரர் (புத்தொழில்களை வளர்த்துவிடும் மையத்தைச் சேர்ந்தவர்) சிவப்பு மையால் அடித்துவிட்டு, எத்தனை துண்டு, எத்தனை மணி நேரம், யார் பார்த்துக் கையெழுத்திடுவார் என்று கேட்டார். பிறகு அதை "40 ஆணிகள், 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி, 500 மணி நேரச் சால்ட் ஸ்ப்ரே (உப்புநீர் தூவும் சோதனை), சிவப்புத் துரு தோன்றக் கூடாது" என்று மாற்றினோம். இந்த ஒரு வரியை எழுத எங்களுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. ஆனால் பின்னால் சச்சரவு இல்லாமல் தவணை கிடைத்ததற்கு, இலக்குகளை இப்படித் துல்லியமாக எழுதியதே காரணம்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது எங்கள் பங்கு. அரசு தருவதற்கு ஈடான தொகையை நாமும் போட வேண்டும். எங்களுக்கு ஒப்புதலானது 60 லட்சம்; ஆகவே நாங்களும் 60 லட்சம் திரட்ட வேண்டியிருந்தது. ஒரு வங்கி, மானியக் கடிதத்தை அடமானமாக ஏற்க முடியாது என்று இரண்டு மாதம் அலையவைத்த பிறகு சொன்னது. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். கடைசியில் அம்மானிடம் போனேன்.

"அரசாங்கம் பணம் தருதுன்னா, என் பணம் ஒனக்கு எதுக்குப்பா?" என்றார்.

பாதியைத்தான் தருகிறது என்று விளக்கியதும், சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "ஐந்தொகையைக் கொண்டா" என்று மட்டும் கேட்டார். மூன்று வருட ஐந்தொகையை, அதாவது சொத்து, கடன் நிலையைக் காட்டும் ஆண்டுக் கணக்கைப் பார்த்த பிறகே 20 லட்சம் கைமாற்றாகக் கொடுத்தார். மீதி, வீட்டு மனை ஒன்றை விற்றதிலும் பட்டறைச் சேமிப்பிலுமாக வந்தது.

ஒவ்வொரு தவணைக்கும், பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைத் தணிக்கையாளர் தந்தாக வேண்டும். திட்டத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்காமல் முதல் மாதம் பட்டறைக் கணக்கிலேயே நிக்கல் வாங்கிவிட்டதால், அந்த ஒரு மாதப் பற்றுவரவைப் பிரித்தெடுக்கத் தணிக்கையாளர் தனிக் கட்டணம் வாங்கினார். தவறு என்னுடையது.

இரண்டாம் தவணை சென்ற வாரம் வந்தது. அடுத்த தவணைக்கான சால்ட் ஸ்ப்ரே சோதனையில், உப்புப் பெட்டியில் இன்று 312ஆம் மணி. காலையில் திறந்து பார்த்தபோது இரண்டு ஆணிகளின் தலைப்பகுதியில் வெண்மையான படிவு தெரிந்தது. சிவப்பு இன்னும் இல்லை.