உறுப்பு தானம்: கார்டு எடுத்தாச்சு, வீட்டில் சொல்லியாச்சா?

ஆதார் எண் இருந்தால் நோட்டோ (உறுப்பு தானத்துக்கான மத்திய அரசு அமைப்பு) இணையதளத்தில் உறுதிமொழி பதிந்து கார்டு எடுத்துவிடலாம். காகிதத்தில் என்றால் படிவம் 7; சாட்சி இருவர், அதில் ஒருவராவது நெருங்கிய உறவு. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். ஆனால் மூளைச்சாவு (மூளை முழுதும் நிரந்தரமாகச் செயலிழந்து, இதயம் மட்டும் துடிக்கும் நிலை) நேர்ந்தால், ஐசியு வாசலில் மருத்துவர்கள் கேட்கப்போவது வீட்டாரின் சம்மதத்தை. படிவம் 8-இல் அவர்கள் கையெழுத்துப் போடாவிட்டால், நடைமுறையில் உங்கள் கார்டுக்கு வேலையே இல்லை.

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் சிக்கல் இங்கேதான். பிள்ளை மாட்டுங்காவில், பெற்றோர் திருநெல்வேலியில். மனைவி சம்மதித்தாலும் "ஊர்லேர்ந்து பெரியவங்க வரட்டும்" என்பார்கள். ரயில் வந்து சேர ஒரு நாளுக்கு மேல். அதற்குள் ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுவிட்டால் இதயம், கல்லீரல், சிறுநீரகம் எதுவும் பயன்படாமல் போகலாம். ஆகவே மனைவியிடம் மட்டுமல்ல, ஊரில் யார் பேச்சு எடுபடுமோ அவரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.

"நெஞ்சு ஏறி இறங்குதே, உயிர் இருக்கே" என்ற தவிப்பு வரும், அது நியாயமானதும்கூட. அந்த மூச்சு வென்டிலேட்டர் என்ற செயற்கை சுவாசக் கருவியுடையது. மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டும். உறுப்பு மாற்றும் குழுவுக்கும் அவர்களுக்கும் தொடர்பிருக்கக் கூடாது. கண்மணியில் வெளிச்சம் அடிப்பார்கள், தொண்டையைத் தூண்டிப் பார்ப்பார்கள். பிறகு ஆக்சிஜன் மட்டும் விட்டு வென்டிலேட்டரைக் கழற்றுவார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60 மி.மீ. பாதரச அளவைத் தொட்டும் தானாக ஒரு மூச்சுக்கூட வரவில்லை என்றால்தான் அது மூளைச்சாவு. குறைந்தது 6 மணி நேரம் விட்டு எல்லாச் சோதனையும் மறுபடி. கோமாவில் இருப்பவரிடம் உறுப்பு எடுக்க முடியாது.

விபத்து என்றால் போலீஸும் பிரேதப் பரிசோதனையும் உண்டு. தானத்துக்காக இரவிலும் பரிசோதனை செய்ய 2021 முதல் அனுமதி இருக்கிறது, கேளுங்கள். சம்மதத்துக்குப் பின் உடலைப் பராமரிக்கும் செலவையும் உறுப்பு எடுக்கும் செலவையும் தானம் தரும் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. மும்பையில் எந்த உறுப்பு யாருக்கு என்பதை ஒருங்கிணைப்பது சயானில் உள்ள மண்டல உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு மையம்.

சுகர், பிரஷர், அறுபது தாண்டிய வயது என்று நீங்களாகவே ஒதுங்காதீர்கள். எது தேறும் என்பதைக் கடைசி நேரச் சோதனைதான் சொல்லும். பரவிய புற்றுநோய், வெறிநாய்க்கடி நோய், கட்டுக்கடங்காத கிருமித்தொற்று போன்றவைதான் பெரும்பாலும் தடை.

உயிரோடிருக்கும்போது சிறுநீரகம் கொடுப்பது வேறு வழி: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். மற்றவர்கள் என்றால் அங்கீகாரக் குழுவின் அனுமதி தேவை.

வீட்டில் இறந்தவர்கள் கண்ணும் தோலும் தரலாம், இரண்டுக்கும் கெடு 6 மணி நேரம். கண்புரை அறுவை செய்தவர்களும் கண்ணாடி போட்டவர்களும் கண் தரலாம். முதலில் கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்குக் கீழே தலையணை. மருத்துவரின் இறப்புச் சான்று கையில் இருக்கட்டும். வந்து எடுத்துவிட்டுப் போக அரை மணி நேரம் போதும், முகம் கோரமாகாது.