பச்சை வட்டத்துக்கு அடியில்

பிளானில், அதாவது மேலிருந்து பார்ப்பதுபோன்ற வரைபடத்தில், மரம் வரைவது சுலபம். 6 மீட்டர் விட்டத்தில் ஒரு பச்சை வட்டம், நடுவில் ஒரு புள்ளி. பத்து வருடத்துக்கு முன் ஒரு சாலைக்கு அப்படி 42 வட்டங்கள் வரைந்து கொடுத்தேன். சமீபத்தில் ஒரு நண்பகலில் அந்தச் சாலையில் நடந்தேன். 17 மரங்களைக் காணோம். மிச்சமிருந்தவை என் மணிக்கட்டுப் பருமன்தான். வெப்பமானியை நடைபாதைக் கல்மேல் காட்டினால் 57 டிகிரி. ஒரே ஒரு மரம் மட்டும் குடையாக விரிந்திருந்தது. அதன் நிழலில் அதே கல் 35. பஸ் நிறுத்தம் முப்பதடி தள்ளி இருந்தும், கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்த மரத்தடியில்தான் நின்றிருந்தார்.

அது மட்டும் எப்படிப் பிழைத்தது? பக்கத்தில் காலி மனை. வேர் அதற்குள் புகுந்துவிட்டது. மற்ற மரங்களுக்கு நான் கொடுத்ததோ ஒரு மீட்டர் சதுரக் குழி. அதைச் சுற்றி, வண்டிகளின் பாரம் தாங்குவதற்காக இடித்து இறுக்கிய மண். அதில் வேருக்குக் காற்றும் கிடையாது, ஈரமும் கிடையாது. பெரும்பாலான மரங்களின் வேர் ஆழமாக இறங்குவதைவிட மேல் ஒரு மீட்டருக்குள் பக்கவாட்டில்தான் ஓடும். நாமும் அதே ஒரு மீட்டரில்தான் மின்கம்பி, கேபிள், குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் புதைக்கிறோம்.

வெப்பமண்டல நகரத்தில் இந்தத் தவறு இன்னும் அதிகமாகச் சுடும். இங்கே வருடத்தின் பல மாதங்கள் உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கிறது. எவ்வளவு உயரமான கட்டடமும் அப்போது தெருவுக்கு நிழல் தராது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது, உடம்பு தணியாது. ஆக, நடப்பவருக்கு வேண்டியது இரண்டு: தலைக்குமேல் இலை, உடம்பில் படும் காற்று. இடுப்பளவு அடர்ந்த செடிவேலி அந்தக் காற்றை மறிக்கும். உயரத்தில் விரிந்து, கீழே தண்டு மட்டும் நிற்கிற மரம்தான் தெருவுக்குச் சரி. மாடிக்கு மாடி செடி தொங்கும் கோபுரங்களுக்கு விருது கொடுக்கிறார்கள். இருபதாவது மாடித் தொட்டி நடைபாதையில் போகிறவருக்கு எந்த நிழலும் தருவதில்லை. அதே கட்டடத்தின் அடித்தள பார்க்கிங் மனையின் எல்லைவரை பரவியிருக்கும். அங்கே எந்தக் காலத்திலும் பெரிய மரம் வராது.

மழைநீரை உறிஞ்சவும் இதே மண்தான் வேண்டும். வெப்பநிலை 1 டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைப் பிடித்து வைக்க முடியும்; பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக 2012இல் திறந்தார்கள். கனமழையில் ஆறு பூங்காவுக்குள் அகலும். வடிந்த பிறகு மக்கள் மறுபடி புல்வெளிக்கு வருவார்கள். பாங்காக்கில் 2017இல் திறந்த சுலலாங்கோன் நூற்றாண்டுப் பூங்காவை, நிலத்தோற்ற வடிவமைப்பாளர் கோச்சகோர்ன் வோரகோம் முழுவதும் ஒருபக்கமாகச் சாய்த்து வடிவமைத்தார். மேட்டில் பெய்யும் நீர் சரிவில் இறங்கி, தாழ்ந்த முனையிலுள்ள குளத்தில் சேர்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மெதெயின். கொலம்பியாவின் அந்த நகரம் 2016 முதல் சாலையோரங்களையும் ஓடைக்கரைகளையும் இணைத்து 30 பசுமை வழித்தடங்களை உருவாக்கியது. அங்கெல்லாம் வெப்பம் சுமார் 2 டிகிரி தணிந்ததாகச் சொல்கிறார்கள். சாதாரண மக்களைத் தோட்டக்காரர்களாகப் பயிற்றுவித்து, பராமரிப்பை அவர்கள் கையில் கொடுத்தார்கள். என் 42 மரங்களுக்கு நட்ட மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு வரி எழுதச் சொல்லி நான் வற்புறுத்தியிருக்க வேண்டும்.

இப்போது கையில் இன்னொரு சாலை இருக்கிறது. முதல் தாளில் பிளான் இல்லை, குறுக்குவெட்டுதான்: தரைக்குக் கீழே 1.2 மீட்டர் ஆழத்துக்கு, சாலை நெடுக அறுபடாமல் ஓடும் மண் அகழி. பாரம் தாங்க வேண்டிய இடங்களில் பெரிய ஜல்லி, அதன் இடுக்குகளில் மண். குழாய்க்காரர்களோடு நாலு முறை உட்கார்ந்து, எல்லாக் கேபிள்களையும் ஒரே பக்கத்துக்கு ஒதுக்க வைத்தோம். அதற்காகப் பதினோரு மரங்களை விட்டுக்கொடுத்தேன். மிச்சமிருக்கும் 26க்கும் வேர் ஓட வழி இருக்கிறது. முதல் மூன்று கோடைக்கான தண்ணீர்ச் செலவும் இந்த முறை ஒப்பந்தத்தில் ஏறியிருக்கிறது.