சுவாவிலிருந்து பார்த்தால் சீனா

ஃபிஜியில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் ஊரில் பாதிப் பேர் கரும்புத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள், மீதிப் பேர் புயலைப் பற்றிக் கேட்டார்கள். சீனாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. ஆனால் தலைநகர் சுவாவில் வாடகை வீடு பிடித்த கையோடு குடை வாங்கப் போனால், அது சீனர் கடை. (இங்கே குடைதான் முதல் செலவு. மழைக்கு நேரம் காலமே கிடையாது.) கடைக்காரர் தென் சீனாவின் குவாங்தொங் பக்கத்திலிருந்து வந்தவர். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் ஃபிஜி மொழி, மிச்சத்துக்குக் கால்குலேட்டர். சீன அரசு இந்தத் தீவுகளில் என்ன செய்கிறது என்பதில் அவருக்குத் துளி அக்கறையும் கிடையாது. பல தலைமுறைகளுக்கு முன்பே வந்து இந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்ட சீனக் குடும்பங்களும் இருக்கின்றன. பெய்ஜிங்கோடு சேர்த்துப் பேசினால் அவர்களுக்குப் பிடிக்காது.

சீன அரசை நான் பார்த்தது பாலமாகத்தான். சனிக்கிழமை காலை சுவா சந்தையில் மரவள்ளியும் சேப்பங்கிழங்கும் கூறு போட்டு வைத்திருப்பார்கள். எடைபோடும் பேச்சே இல்லை, கூறு இவ்வளவு என்று விலை. பையை நிரப்பிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தால் நும்புகலவு ஓடைக்கு மேலே ஸ்டின்சன் பரேட் பாலம். சீன அரசின் மானியத்தில் கட்டி, 2018 ஜனவரியில் திறந்தது. வதுவாங்கா பாலமும் அப்போது திறந்ததுதான். நாவுவா ஊர் ஆஸ்பத்திரியும் சீனப் பணத்தில் வந்ததே. கிழங்கு மூட்டையோடு பாலத்தில் போகிறவர்கள் யாரும் இதை வல்லரசுப் போட்டி என்று நினைப்பதாகத் தெரியவில்லை.

இது எப்படித் தொடங்கியது என்பதை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஃபிஜியர். வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுப் பாயில் யங்கோனா கரைப்பார்கள், வெளியுலகம் காவா என்று சொல்வது அதைத்தான். ஒரு முறை கை தட்டி, தேங்காய்ச் சிரட்டையில் தருவதை ஒரே மூச்சில் குடித்து, மூன்று முறை தட்ட வேண்டும். நாக்கு லேசாக மரத்துப்போகும், பேச்சு மெதுவாகும், நிற்காது. “2006இல் ராணுவத் தளபதி பைனிமராமா புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தார். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தடை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அப்போது கதவைத் தட்டியது யார்?” என்றார். “வடக்கே பார்”, அதாவது சீனா இருக்கும் பக்கம் பார், என்று ஃபிஜி அரசு கொள்கையே அறிவித்தது. ஆனால் பழக்கம் புதிதில்லை. பசிபிக் தீவு நாடுகளில் சீனாவோடு முதலில் தூதரக உறவு வைத்தது ஃபிஜிதான், 1975இல்.

பெரியவர் சொல்லாததும் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் 77 சீனர்களை மோசடிக் குற்றச்சாட்டில் தனி விமானத்தில் ஏற்றி, தலையை மூடி, சீனப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அடுத்த நாட்டுப் போலீஸ் இவ்வளவு தாராளமாக வந்து போகலாமா என்ற கேள்விக்கு அன்று சரியான பதில் வரவில்லை. 2020 அக்டோபரில் கிராண்ட் பசிபிக் ஓட்டலில் தைவான்காரர்கள் தேசிய தின விருந்து வைத்தார்கள். சீனத் தூதரக ஆட்கள் அங்கே போக, கைகலப்பு. தங்கள் ஆளுக்குத்தான் அடி என்று இரண்டு தரப்பும் சொன்னது. கேக்கில் தைவான் கொடி இருந்தது சீனாவுக்குப் பெரிய குறை. கேக்குக்காக அடித்துக்கொள்கிற ராஜதந்திரத்தைப் பார்த்து ஊரே சிரித்தது.

2022 மே மாதக் கடைசிதான் உச்சம். பதவியேற்ற சில நாளிலேயே ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் பென்னி வாங் சுவாவுக்கு ஓடி வந்தார். அவர் போனதும் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ. சாலமன் தீவுகள் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இப்போது போலீஸ் பயிற்சி முதல் இணையப் பாதுகாப்பு வரை பத்துத் தீவு நாடுகளோடு ஒரே ஒப்பந்தம் என்று பெரிய வலையாக வீசினார்கள். அது எடுபடவில்லை. இன்னொரு தீவு நாடான மைக்ரோனேசியாவின் அன்றைய அதிபர் டேவிட் பனுவேலோ, கையெழுத்துப் போடாதீர்கள் என்று மற்றத் தலைவர்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டார். மே 30 கூட்டம் முடிந்து, செய்தியாளர்கள் கேள்வி கேட்க வாய்ப்பில்லாமல், வாங் யீயும் அப்போது ஃபிஜிப் பிரதமராக இருந்த பைனிமராமாவும் பேசிவிட்டுப் போனார்கள். கருத்தொற்றுமைதான் எங்களுக்கு முதலில் என்றார் பைனிமராமா. கடல் ஏறி ஊர் மூழ்குகிறவனுக்கு வல்லரசுகளின் புள்ளிக்கணக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை கம்மி, ஆனால் அந்தப் பேச்சில் தப்பு சொல்ல முடியாது. வனுவா லெவு தீவில் வுனிந்தொங்கொலோவா என்ற கிராமத்தையே 2014இல் மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

சீனா தீவுகளை விலைக்கு வாங்குகிறது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதும்போது, இங்கிருப்பவர்களை ஒன்றும் அறியாதவர்களாக ஆக்கிவிடுகிறார்கள். கடன் விஷயம் நிஜம்தான். 2006 கலவரத்துக்குப் பிறகு தலைநகரைத் திரும்பக் கட்டச் சீனாவிடம் வாங்கிய கடனில் பக்கத்துத் தீவு நாடான டோங்கா இன்னும் திணறுகிறது. ஆனால் ஃபிஜியில் 2022 கடைசியில் ஆட்சி மாறியதும், புதிய பிரதமர் ரபூகா முதல் வேலையாகக் கை வைத்தவற்றில் ஒன்று, சீனப் போலீஸ்காரர்கள் ஃபிஜிப் போலீஸில் வந்து வேலை பார்க்கிற ஏற்பாடு. பாலத்தை வைத்துக்கொண்டு போலீஸை மட்டும் தள்ளி நிறுத்தினார்கள். இதற்குப் பெயர் விலைபோவது என்றால் எனக்குப் புரியவில்லை.

“உங்கள் ஊர் எப்போது பாலம் கட்டும்?” என்று பெரியவர் என்னைச் சீண்டுவார். 2014 நவம்பரில் மோடி வந்து போன சில நாளில் ஷி ஜின்பிங் வந்தார், அந்தக் கணக்கு அவருக்கு மறக்காது. இந்தியாவுக்கு இங்கே உறவு உண்டு. கரும்பு வெட்ட வந்தவர்களின் வம்சத்துப் பிள்ளைகள், தென்னிந்தியர்கள் 1926இல் தொடங்கிய சங்கத்தின் பள்ளிகளில் இன்றும் படிக்கிறார்கள், நாந்தியில் முருகன் கோவில் இருக்கிறது. சிமெண்ட்தான் கம்மி. 2023இல் மோடி அறிவித்த நூறு படுக்கை ஆஸ்பத்திரியைச் சொல்லிச் சமாளிப்பேன்.

பெரியவருடைய பேரன் சுவாவில் பல்கலைக்கழகத்தின் லவுதாலா வளாகத்தில், சீன அரசின் ஆதரவில் நடக்கும் கன்பூசியஸ் நிலையத்தில் சீன மொழி படிக்கிறான். சீனாவில் மேல்படிப்புக்கு உதவித்தொகை கேட்டிருக்கிறான், ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலை விசாவுக்கும் எழுதிப் போட்டிருக்கிறான். எது பிடிக்கும் என்று கேட்டேன். எது முதலில் வருகிறதோ அது என்றான்.