பெயர்கள் ஓடி முடியும் வரை

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் தம்பிக்கும் ஒரு காலத்தில் கோபமே வரும். 2008-ல் ‘அயர்ன் மேன்’ பார்த்தபோது நாங்களும் அப்படித்தான் எழுந்து வந்திருந்தோம். கடைசிப் பெயரும் போன பிறகு, ஒரு கண்ணில் கறுப்புப் பட்டையோடு சாமுவேல் ஜாக்சன் வந்து நாயகன் டோனி ஸ்டார்க்கிடம் பேசுகிற காட்சி ஒன்று உண்டு என்பது இரண்டு நாள் கழித்து நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தச் சின்னக் காட்சிக்காக மறுபடி டிக்கெட் எடுத்துப் போனோம். அதற்குப் பிறகு 15 வருடம், கடைசிப் பெயர் மேலே ஏறி மறையும் வரை நாங்கள் இருக்கையை விட்டு எழுந்ததில்லை.

காத்திருக்கிற நேரத்தில் பெயர்களைப் படிப்போம். விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டியல் வந்ததும் தம்பி ஏதாவது ஒரு நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணப் பார்ப்பான். பாதியிலேயே கணக்கு தப்பிவிடும். ஒரு மனிதன் பறக்க இத்தனை பேர் உட்கார்ந்து வேலை செய்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் அந்தக் கடைசிக் காட்சி. வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான்.

2023 பிப்ரவரியில் ஆன்ட்-மேன் வரிசையின் மூன்றாவது படம் பார்த்தோம். பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது நான் பையைத் தோளில் மாட்டியிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தம்பி எனக்கு முன்பே எழுந்து நின்றுகொண்டிருந்தான். இருந்து பார்க்கலாமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சூப்பர் ஹீரோ படங்கள் போரடித்துவிட்டன என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. எனக்கு அவை அவ்வளவு கொடுத்திருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைத்திருப்பது 2004-ல் வந்த ‘ஸ்பைடர் மேன் 2’-ன் ரயில் காட்சி. பிரேக் போன ரயில். ஸ்பைடர் மேனான பீட்டர் முன்னால் நின்று இரண்டு பக்கக் கட்டடங்களிலும் வலையை வீசி, அது அறுந்ததும் மறுபடி வீசி, கை இரண்டும் பிய்ந்துவிடும் போல இழுத்துப் பிடிக்கிறான். தண்டவாளம் முடிகிற இடத்தில் ரயில் நிற்கிறது. அவன் மயங்கிச் சரியும்போது உள்ளே இருந்து கைகள் நீண்டு அவனைப் பிடித்துக்கொள்கின்றன. பயணிகள் அவனைத் தலைக்கு மேலே தூக்கி, ஒருவர் கை மாற்றி ஒருவராக உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். முகமூடி இல்லை. என் மகன் வயசுகூட இருக்காதே என்கிறார் ஒருவர். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று சொல்லி இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்தக் காட்சியில் பறப்பதை விட, இடிப்பதை விட, அவன் சட்டை கிழிந்து மூச்சு வாங்கிக் கிடப்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒருவரைக் காப்பாற்றினால் உடம்பு வலிக்கும். இந்த வகைப் படங்களில் நான் தேடியது எப்போதும் அந்த வலியைத்தான் என்று இப்போது புரிகிறது.

2018-ல், அயர்ன் மேன் உட்படப் பல நாயகர்கள் சேர்ந்து வரும் அவெஞ்சர்ஸ் வரிசையின் ‘இன்ஃபினிட்டி வார்’ முடிந்தபோது தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. பாதிப் பேர் சாம்பலாகிப் போய்விட்டார்கள். அடுத்த வருடம் ‘எண்ட்கேம்’, மூன்று மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் கூடுதல். 11 வருடம், 22 படம் பார்த்து வந்த கதையின் முதல் நாயகர் டோனி ஸ்டார்க் நம் கண் முன்னால் கருகிப் போய் உட்கார்ந்திருக்கிறார், மனைவி பக்கத்தில் இருக்க உயிர் போகிறது. நான் அழுதேன். வழக்கம் போல பெயர்கள் முடியும் வரை உட்கார்ந்தோம். கடைசியில் காட்சி எதுவும் வரவில்லை. இருட்டில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. முதல் படத்தில் குகைக்குள் அவர் முதல் கவசத்தை அடித்துச் செய்த அதே சத்தம். “அவ்வளவுதான்க்கா, முடிஞ்சுது” என்றான் தம்பி. எவ்வளவு அழகான முடிவு அது!

ஆனால் முடியவில்லை. 2021-ல் மட்டும் இந்தப் படங்களை எடுக்கும் மார்வெலிலிருந்து நான்கு படங்கள், ஓடிடியில் ஐந்து தொடர்கள் வந்தன. இவற்றில் ‘வாண்டாவிஷன்’ தொடர் எனக்கு உண்மையாகவே பிடித்தது. இறந்துபோன காதலனை விட முடியாமல் ஒரு ஊரையே பொய்யாக மாற்றி வைத்துக்கொள்கிறவளின் கதை. தம்பி அதைப் பார்க்கவில்லை. அவனுக்கு ஓடிடி கட்டணம் கட்ட விருப்பமில்லை. அடுத்த வருடம் டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் இரண்டாவது படத்தில், அந்தத் தொடரில் வந்த குழந்தைகளைத் தேடித்தான் அவள் எல்லாரையும் கொன்று போடுகிறாள். “யார் இந்தப் பசங்க? இவளுக்கு எப்பக் குழந்தை பிறந்தது?” என்று தம்பி கிசுகிசுத்துக்கொண்டே இருந்தான். நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். அவன் கேட்ட கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. முன்பெல்லாம் முந்தைய படம் பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் ரசிக்கலாம். இப்போது பாடம் படித்துவிட்டு வராவிட்டால் உள்ளே நுழையவே முடியாது.

அளவு கூடிப் போனதை அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வருடத்துக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று படம், தொடர்களும் இரண்டு போதும் என்று மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னியின் அப்போதைய தலைமை நிர்வாகி பாப் ஐகர் 2024-ல் சொன்னார். அதற்கு முந்தைய வருடம் மார்வெலின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் ஒருமனதாக வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது தம்பி எண்ணி எண்ணித் தோற்ற அந்தப் பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன.

எண்ணிக்கை மட்டும்தான் பிரச்சினை என்றால், குறைத்ததும் எனக்குப் பழைய ஆசை திரும்ப வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் வேறு. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் தம்பி மகள்.

அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது வீட்டில் எண்ட்கேம் போட்டோம். டோனி சாகிற இடம் வந்தது. அவள் பயப்படுவாளோ என்று கையைப் பிடித்தேன். எனக்குத்தான் கண் கலங்கியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னாள்: “அழாதீங்க அத்தை. வேற உலகத்துல இன்னொரு டோனி இருப்பாரு. கூட்டிட்டு வந்துருவாங்க.”

அவள் பார்த்து வளர்ந்த படங்களில் அப்படித்தானே நடக்கிறது? 2024 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் ரசிகர் விழாவில், டோனியாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர் பச்சை அங்கியோடு மேடைக்கு வந்து முகமூடியைக் கழற்றினார். அடுத்த அவெஞ்சர்ஸில் அவர் வில்லன், டாக்டர் டூம். டோனி இல்லை, வேறு பாத்திரம் என்று அவளுக்கு விளக்கினேன். “அதே முகம்தானே?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அதே மாதம்தான் ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ வந்தது. ‘லோகன்’ படத்தின் கடைசியில், வுல்வரினைப் புதைத்த இடத்தில் நட்டிருந்த சிலுவையை அவன் காப்பாற்றிய சிறுமி பிடுங்கிச் சாய்த்து எக்ஸ் வடிவத்தில் வைப்பாள். 17 வருடம் ஒருவர் நடித்த பாத்திரத்துக்கு அதைவிட மரியாதையான வழியனுப்பல் இருக்க முடியாது. புதுப் படம் அந்தக் குழியைத் தோண்டி, எலும்பை எடுத்துச் சண்டை போடுவதில் ஆரம்பிக்கிறது. தியேட்டரில் நானும் சிரித்தேன். 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம், கூட்டம் கொண்டாடியது. அன்று இரவு லோகனைப் போட்டுக் கடைசி பத்து நிமிடம் பார்த்தேன். அந்தச் சிலுவைக்குக் கீழே இருக்கிற எலும்புதான் கண்ணில் நின்றது. ஒரு புதுப் படம் பழைய படத்தின் கண்ணீரையும் எடுத்துக்கொண்டு போய்விடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இந்தப் படங்களெல்லாம் சினிமாவே அல்ல, தீம் பார்க் என்று 2019-ல் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி சொன்னபோது கோபப்பட்டு நண்பர்களோடு மணிக்கணக்கில் வாதாடினேன். பிறகு அவர் எழுதிய கட்டுரையைப் பொறுமையாகப் படித்தேன். இந்தப் படங்களில் எதுவும் பணயமாக வைக்கப்படுவதில்லை என்பது அவர் குறை. எண்ட்கேம் வரைக்கும் அது தப்பு என்று இப்போதும் சொல்வேன். அதற்குப் பிறகு வந்த பல படங்களை வைத்துக்கொண்டு அவரோடு என்னால் வாதாட முடியாது.

மல்டிவெர்ஸை, அதாவது ஒரே ஆளுக்கு வேறு வேறு உலகங்களில் வேறு வேறு வடிவம் இருக்கும் என்கிற இந்த ஏற்பாட்டையே குறை சொல்லவும் மாட்டேன். 2021-ன் ‘நோ வே ஹோம்’-ல் பீட்டரின் காதலி எம்ஜே உயரத்திலிருந்து விழுவாள். வேறு உலகத்திலிருந்து வந்திருக்கும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் ஸ்பைடர் மேன் பாய்ந்து அவளைப் பிடித்து இறக்கிவிட்டு, நீ நலமா என்று கேட்கும்போதே அவர் முகம் உடைந்துவிடும். 2014 படத்தில் அவர் காதலி க்வென் அப்படித்தான் விழுந்து, பிடித்தும் பிழைக்கவில்லை. இந்தப் படம் க்வெனைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஏழு வருடம் அந்த மனிதன் சுமந்து வந்ததைத்தான் காட்டியது. அந்தச் சில நொடிகளுக்காக இன்னும் பத்து சுமாரான படங்களைப் பொறுத்துக்கொள்வேன். போன வருடம், 2025-ல் வந்த சூப்பர்மேன், பெரிய ராட்சத மிருகத்தோடு சண்டை நடக்கும்போது ஒரு அணிலைத் தூக்கிக் காப்பாற்றினாரே, அப்போதும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆசை முழுதாகச் செத்துவிடவில்லை. அடுத்த அவெஞ்சர்ஸுக்கும் போவேன், அது எனக்கே தெரியும்.

போன மாதம் தம்பி மகளுக்கு ஸ்பைடர் மேன் 2 போட்டுக் காட்டினேன். ஆரம்பத்திலேயே கேட்டாள், “இதுல வேற உலகம் வருமா?” இல்லை, இந்த ஒரு பீட்டர் மட்டும்தான் என்றேன். சரி என்று தலையாட்டினாள். ரயில் காட்சியில் காலை மடக்கி சோபாவின் மேல் ஏறிக்கொண்டாள். வலை அறுகிற ஒவ்வொரு முறையும் என் மணிக்கட்டை இறுக்கினாள். அவனைத் தூக்கிக் கிடத்தியபோது, “அத்தை, இவன் செத்துட்டா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டாள். குரல் நடுங்கியது.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடின. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், நானும் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பெயரும் போய்த் திரை கறுப்பானது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவள் ரிமோட்டை எடுத்து ரயில் காட்சிக்குத் திரும்பப் போனாள்.