சிவப்பு பென்சில்ல ஒரு கேள்வி

ஸ்கூல் மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கன்னு நம்ம பழைய மாணவர் சங்கத்துலேருந்து மெசேஜ் வந்தப்போ ஸ்போர்ட்ஸ் டே பத்தி எழுதலாமா, ஆண்டு விழா நாடகத்த பத்தி எழுதலாமா, இல்ல ஸ்கூல் கேட்டாண்ட மாங்கா பத்தைக்கு உப்பு மொளகாப்பொடி தூவித் தருவாங்களே அந்த அம்மாவ பத்தி எழுதலாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன். எல்லாமே ஞாபகம் இருக்கு. ஆனா பெரம்பூர விட்டு மெல்போர்ன் வந்து இத்தனை வருஷம் ஆகியும் தெனம் ராத்திரி என் கூட வந்து உக்கார்றது ஒண்ணே ஒண்ணுதான், ஒன்பதாவது பி செக்‌ஷன்ல தமிழ் ஐயா எழுத வச்ச நாட்குறிப்பு.

1991 ஜூன். ஸ்கூல் தொறந்த மொத வாரமே ஐயா சொல்லிட்டாரு, எல்லாரும் 80 பக்கம் கோடு போட்ட நோட்டு ஒண்ணு தனியா வாங்கணும், தெனம் அஞ்சு வரி எழுதணும், வெள்ளிக்கிழமை அவர் டேபிள்ல வைக்கணும். மொத வாரம் நாங்க 48 பேரும் எழுதினது என்ன தெரியுமா, "காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்கு வந்தேன்." அப்படியே ஒருத்தர் நோட்ட பாத்து இன்னொருத்தர் எழுதின மாதிரி. ஐயா திட்டல. "நீங்க பல்லு வெளக்கினத நான் நம்பறேன்ப்பா, அதுக்கப்புறம் நடந்தத சொல்லுங்க"ன்னாரு.

அன்னிக்குதான் ஆனந்தரங்கப் பிள்ளை கதைய சொன்னாரு. 1709-ல நம்ம பெரம்பூர்ல பொறந்தவரு, புதுச்சேரிக்கு போயி பிரெஞ்சுக்காரங்க கிட்ட துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு, கவர்னர் துய்ப்ளேவுக்கு வலது கை மாதிரி. 1736-லேருந்து 1761 வரைக்கும் கிட்டத்தட்ட 25 வருஷம் தெனப்படி சேதிய எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. எந்தக் கப்பல் வந்துச்சு, கவர்னர் என்ன பேசினாரு, ஊர்ல யாருக்கு யாரு மேல பொறாமை, எல்லாம். அதுவும் புலவர் தமிழ்ல இல்ல, அப்ப ஜனங்க பேசின தமிழ்ல. "நம்ம பேட்டைக்காரர் எழுதினதாலதான் அந்தக் காலத்துல என்ன நடந்துச்சுன்னு நமக்கு தெரியுது. நீ உனக்காவது எழுதி வையி"ன்னு ஐயா சொன்னது இன்னும் காதுல இருக்கு. பேரக்ஸ் ரோட்டுல நடந்து வர்ற பசங்களுக்கு 250 வருஷம் முன்னாடி ஒரு பெரம்பூர்க்காரர் டைரி எழுதினாருங்கறது எவ்வளவு பெரிய விஷயம்!

அந்த வருஷம் ஐப்பசி மழையில எங்க ஆயா தவறிட்டாங்க. அப்பா ஃபேக்டரி வேலைக்கு போக, அம்மா டெய்லரிங் பண்ண, என்னை வளத்தது ஆயாதான். மூணு நாள் கழிச்சு ஸ்கூலுக்கு வந்து நோட்டுல எழுதினேன். "என் பாட்டி இறந்துவிட்டார். மாலை 4 மணிக்கு எடுத்தார்கள். மழை பெய்தது. பள்ளிக்கு வரவில்லை." வீட்ல யாரும் ஆயாவ பாட்டின்னு கூப்பிட்டதே இல்ல, ஆனா நோட்டுல அப்படித்தான் எழுதணும்னு நெனச்சேன். திங்கக்கிழமை நோட்டு திரும்பி வந்துச்சு. ஐயா எழுத்துப்பிழை எதையும் சுழிக்கல, மார்க் போடல, கீழ சிவப்பு பென்சில்ல சின்னதா ஒரே ஒரு கேள்வி.

"எடுத்தபோது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?"

அத படிச்சதும் தொண்டை அடைச்சிக்கிச்சு. நான் எங்க நின்னேன்னு எனக்கு நல்லா தெரியும். பந்தலாண்ட நிக்கல. பின்னாடி அடிபம்பு பக்கத்துல, கைல ஆயாவோட வெத்தல இடிக்கற சின்ன இரும்பு உரல தாவணில சுத்தி வச்சிக்கிட்டு நின்னேன். சாமானெல்லாம் யாராவது எடுத்து வெளிய போட்டுடுவாங்கன்னு பயம். உரல்ல பாதி இடிச்ச வெத்தல பாக்கு அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மழைத்தண்ணி பட்டு அந்த வாசனை கெளம்பிச்சு, அதனால பொணத்த எடுத்தப்போ ஆயா மொகத்த நான் பாக்கவே இல்ல. இத யார்கிட்டயும் சொல்லல, அம்மாகிட்ட கூட. அன்னிக்கு ராத்திரி நாலு பக்கம் எழுதினேன், எழுதி முடிச்சப்புறம்தான் ஆயா போனதுலேருந்து மொத மொதலா அழுதேன். ஐயா அந்த நாலு பக்கத்துக்கு கீழ தேதி மட்டும் போட்டு கையெழுத்து போட்டிருந்தாரு.

ரொம்ப வருஷம் கழிச்சு, இங்க முதியோர் இல்லத்துல நர்ஸா சேந்தப்புறம் ஒரு ட்ரெயினிங்ல ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் பத்தி சொன்னாங்க. 1986-ல சாண்ட்ரா பீல்ங்கறவங்களோட சேந்து அவர் வெளியிட்ட ஆராய்ச்சி. காலேஜ் பசங்க 46 பேரு, தொடர்ந்து 4 நாள், நாளைக்கு 15 நிமிஷம் எழுதணும். சில பேருக்கு சாதாரண தலைப்பு, மத்தவங்க வாழ்க்கையில மனச ரொம்ப பாதிச்ச விஷயத்த எழுதணும். அதுலயும் மூணு மாதிரி, நடந்தத மட்டும் எழுதறவங்க, மனசுல பட்டத மட்டும் எழுதறவங்க, ரெண்டையும் சேத்து எழுதறவங்க. எழுதி முடிச்ச உடனே மனசு கனமாத்தான் இருந்துச்சாம், ஆனா ரெண்டையும் சேத்து எழுதினவங்க அடுத்த ஆறு மாசத்துல காலேஜ் ஹெல்த் சென்டருக்கு போனது கொறைஞ்சிருக்கு. அந்த ஸ்லைட பாத்துட்டு நான் அப்படியே உக்காந்துட்டேன். எங்க ஐயா ஒரு சிவப்பு பென்சில வச்சிக்கிட்டு கேட்டதும் இதானே, நடந்தத எழுதிட்ட, சரி, அப்போ நீ எங்க இருந்த?

2015 டிசம்பர் 1, சென்னை வெள்ளம், உங்க யாருக்கும் மறக்காது. அம்மா அப்போ ஜாபர்கான்பேட்டைல அக்கா வீட்ல இருந்தாங்க, கீழ் வீடு, அடையாறு ஆத்துக்கு கிட்டத்துலயே. ராத்திரி அக்கா போன் பண்ணி தண்ணி வாசப்படி ஏறிடுச்சு, மாடி வீட்டுக்கு போறோம்னு சொல்லும்போதே லைன் கட். அப்புறம் ரிங்கே போகல. செம்பரம்பாக்கம் தண்ணி, சைதாப்பேட்டை பாலம்னு டிவில காட்டறான், கெளம்பி போலாம்னா ஏர்போர்ட்டே 6ஆம் தேதி வரைக்கும் மூடியாச்சு. மறுநாள் ராத்திரி நோட்ட எடுத்தேன். மொதல்ல எழுதினது எல்லாம் டைம்தான், இத்தனை மணிக்கு டிரை பண்ணேன், ஸ்விட்ச்டு ஆஃப், இத்தனை மணிக்கு டிரை பண்ணேன், ஸ்விட்ச்டு ஆஃப். ஒரு பக்கம் முழுக்க இதே. அப்புறம் ஐயா கேள்விய நானே எனக்கு எழுதிக்கிட்டேன். கிச்சன்ல நின்னேன், அரிசி களைய கொழாய தொறந்தவ அந்தத் தண்ணி சத்தத்த கேக்க முடியாம மூடிட்டேன், அரிசி அப்படியே கெடக்குதுன்னு எழுதினேன். அதுக்கு அடுத்த வரி தானா வந்துச்சு: மாடிப்படி ஏற முட்டி வலிக்குதுன்னு சொன்ன அம்மாவ பெரம்பூர் வீட்ட விட்டு அங்க போகச் சொன்னதே நான்தான். ரெண்டு நாளா அக்கா மேல கோவம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன், கோவம் என் மேலதான் இருந்துச்சு. மூணாம் நாள் பக்கத்துத் தெரு லேண்ட்லைன்லேருந்து அக்கா பேசினப்போ கத்தாம பேச முடிஞ்சதுன்னா அந்த ஒரு வரி எழுதினதாலதான். அக்காகிட்ட அதையும் சொன்னேன். "லூசு, மொதல்ல அம்மாகிட்ட பேசு"ன்னா.

எழுதறது மட்டும் இல்ல, திருப்பி படிக்கறதும் முக்கியம்னு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது. ஒரு டைம்ல வீட்ல அடிக்கடி சண்டை, வீட்டுக்காரர்தான் மாறிட்டாருன்னு மூணு மாசம் எழுதித் தள்ளியிருக்கேன். ஒரு ஞாயித்துக்கிழமை ஒக்காந்து மொத்தத்தையும் படிச்சா சண்டை நடந்தது எல்லாமே புதன்கிழமை, ஒண்ணு ரெண்டு தவிர. செவ்வாக்கிழமை எனக்கு டபுள் ஷிஃப்ட்! ஷிஃப்ட மாத்தச் சொல்லி லெட்டர் குடுத்தேன், மாத்தினாங்க, வீடும் மாறிச்சு. நோட்டு இல்லன்னா இத கண்டுபிடிச்சே இருக்க மாட்டேன், ஏன்னா சண்டை போடும்போது யாரும் கெழமைய பாக்கறதில்ல.

ஆனா ஒண்ணு, ஒரே விஷயத்த ஒரே வார்த்தைல வாரக்கணக்கா எழுதிக்கிட்டே இருக்கோம், தூக்கமும் இல்லன்னா நோட்ட மூடிட்டு டாக்டர பாருங்க, நர்ஸா சொல்றேன். எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்துச்சு, போய்ப் பாத்தேன்.

நம்ம பேட்ச்ல நெறைய பேரு டைம் இல்லைங்கறீங்க. ஐயா கேட்டது அஞ்சு வரி. நான் எல்.ஐ.சி டைரில எழுதறேன், ஊர்லேருந்து வர்றவங்க யாராவது கொண்டு வந்து குடுப்பாங்க, ராகுகாலம் எமகண்டம் எல்லாம் போட்டு இருக்கும், அதுக்கு கீழ மிச்சம் இருக்கற எடம் போதும். தூக்கம் வராத ராத்திரில நாளைக்கு செய்ய வேண்டியத மட்டும் அஞ்சு நிமிஷம் எழுதிட்டு படுப்பேன். அப்படி எழுதினவங்க, செஞ்சு முடிச்சத எழுதினவங்கள விட சுமார் 9 நிமிஷம் முன்னாடியே தூங்கினாங்கன்னு 2018-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, எனக்கும் அது சரியாத்தான் இருக்கு. போன்ல டைப் பண்ணாலும் பண்ணுங்க, நான் கையாலதான் எழுதுவேன்.

ஐயா இப்போ இல்ல. அம்மா பெரம்பூர் வீட்ட காலி பண்ணப்போ அந்த உரலும் என் ஒன்பதாவது நோட்டும் ஒரே டிரங்கு பெட்டில கெடைச்சுது, பிரவுன் ஷீட் அட்டை செல்லரிச்சிருச்சு, சிவப்பு பென்சில் எழுத்து மட்டும் பளிச்சுனு இருக்கு. 48 பேர்ல இன்னும் யார் யார் வீட்டுப் பரண்ல அந்த நோட்டு இருக்கும்னு தெரியல. இருந்தா ஒரு பக்கம் போட்டோ எடுத்து சங்கத்துக்கு அனுப்புங்க, அடுத்த மலர்ல போடலாம். நீங்க எழுதினது பாதி மறைஞ்சிருந்தாலும் பரவால்ல, உங்களுக்கு ஐயா என்ன கேட்டிருக்காருன்னு தெரியற மாதிரி எடுங்க.