போட்ஸ்வானாவும் அதன் மாடுகளும்

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் தலைநகர் கபரோனியில் எந்த அலுவலகத்திலும் யாரையும் பிடிப்பது கஷ்டம். சம்பளம் கைக்கு வந்ததும் பிக்கப் வண்டியில் தண்ணீர் டிரம், உப்புக்கட்டி, மாவு மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வங்கி அதிகாரி, தலைமை ஆசிரியை, நர்ஸ் என்று வேலை எதுவானாலும் சரி, பலரும் போவது மொராகாவுக்கு, அதாவது ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் தங்கள் மாட்டுப்பட்டிக்கு.

வேலைக்காக இங்கே வந்து குடியேறிய எனக்கு, இந்த நாட்டைப் புரிந்துகொள்ள வைரத்தைவிட மாடுதான் அதிகம் உதவியது. இங்கே பெரும்பான்மையான ட்ஸ்வானா இனக் குடும்பங்களுக்கு மரபாகவே மூன்று இடங்கள் உண்டு: ஊரில் வீடு, சற்றுத் தள்ளி விளைநிலம், அதற்கும் அப்பால் பட்டி. மாடு நிறைய வைத்திருப்பவர், இல்லாதவரிடம் சிலவற்றைப் பராமரிக்கக் கொடுக்கும் மாஃபிசா என்ற வழக்கமும் இருந்தது. வளர்ப்பவர் பால் கறந்துகொள்ளலாம், ஏரில் பூட்டலாம். ஊர்க்கூட்டம் நடக்கும் கோட்லா பெரும்பாலும் தலைவரின் தொழுவத்தை ஒட்டியே இருக்கும். அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் வாய் திறப்பார். இது எனக்கு மிகவும் பிடித்த பழக்கம்.

1966 செப்டம்பர் 30 அன்று சுதந்திரம் கிடைத்தபோது இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. பிரிட்டிஷார் இந்த நாட்டை அதன் எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபிகெங்கில் இருந்து நிர்வகித்து வந்தார்கள். அதனால் கபரோனியைத் தலைநகராகப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. கடும் வறட்சியில் ஏராளமான மாடுகள் செத்திருந்தன. லொபாட்சேயில் 1954இல் தொடங்கிய இறைச்சிக்கூடம்தான் முக்கிய வருமானம். ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது அடுத்த ஆண்டு, 1967இல்.

அப்புறம் 1975இல் இன்னொரு நெருக்கடி. லெசோதோ, ஸ்வாசிலாந்து நாடுகளோடு சேர்ந்து நடத்திய பல்கலைக்கழகத்திலிருந்து லெசோதோ விலகிக்கொண்டது. சொந்தமாக வளாகம் கட்டியாக வேண்டும். அதிபர் செரெட்சே காமா மக்களிடம் கேட்டார்: ஆளுக்கொரு மாடு. மாடு இருந்தவர்கள் மாடு கொடுத்தார்கள். இல்லாதவர்கள் பணமும் தானியமும் முட்டையும்கூடக் கொண்டுவந்தார்கள். மாட்டை ஓட்டிவரும் மனிதனின் சிலை இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. எழுதப்படிக்கத் தெரியாத எத்தனையோ பேரின் கொடை அது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக ஓட்டி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

ஆனால் இந்த மாட்டுப் பாசத்துக்கு ஒரு விலையும் உண்டு. வடக்கே மவுன் பக்கம் காரில் போய்வந்தால் வழியில் கால்நடைத் துறையின் கேட்டில் நிறுத்துவார்கள். பெட்டியில் பச்சை இறைச்சி இருந்தால் எடுத்துவிடுவார்கள். மருந்தில் நனைத்த சாக்கில் செருப்போடு மிதித்துவிட்டுத்தான் நகரலாம். காட்டெருமையிடமிருந்து கோமாரி நோய் மாடுகளுக்குப் பரவினால் ஏற்றுமதி நின்றுவிடும். அதற்காகவே 1950களில் தொடங்கி நாட்டின் குறுக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி போட்டார்கள். 1980களின் வறட்சியில், கலஹாரியிலிருந்து தண்ணீர் தேடி வடகிழக்கே வந்த வில்டபீஸ்ட் மான்கள் அந்த வேலிகளில் முட்டி, பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. மாட்டைக் காப்பாற்ற இவ்வளவு பெரிய உயிர்ச்சேதமா என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வடக்கே ஒகவாங்கோ ஆற்றுச் சதுப்புநிலத்துக்கும் மக்கடிக்கடி உப்புவெளிக்கும் நடுவே 1968இல் போட்ட ஒரு வேலியை 2004இல் அகற்றினார்கள். வேலிக்கு முந்தைய காலத்தைக் கண்ட வரிக்குதிரை எதுவும் அப்போது உயிரோடு இருந்திருக்காது. ஆனாலும் சில ஆண்டுகளிலேயே அவை பழைய தடத்தில் நடக்க ஆரம்பித்தன. போக வர ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல்! காலர் கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் இதை உறுதிசெய்தார்கள்.

மற்ற வேலிகளையும் எடுத்துவிடலாமே என்று என்னோடு வேலை பார்ப்பவரிடம் கேட்டேன். அவருக்கு பொடேட்டி ஆற்றங்கரையில் பட்டி இருக்கிறது. "கோமாரி வந்துவிட்டால் என் பிள்ளைகளுக்கு நீங்களா ஃபீஸ் கட்டுவீர்கள், ரா?" என்றார். ('ரா' என்றால் ட்ஸ்வானா மொழியில் ஐயா.) என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனாலும் அந்த வரிக்குதிரைகளைப் பற்றி அவரிடம் விடாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.