பாட்டாவின் வைஸுக்கு விலை வைத்த கதை

குமரி மாவட்டத்தில் குலசேகரம் போகிற வழியில் இருந்த பாட்டாவின், அதாவது தாத்தாவின், பட்டறையைச் சென்ற வருடம் காலி செய்தோம். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர்களுக்குப் பல்சக்கரம் மாற்றுவது, வளைந்த ஷாஃப்ட்டை நிமிர்த்துவது, கைப்பிடி ஒட்டவைப்பது என்று அந்தச் சுற்று வட்டாரத்துத் தோட்டக்காரர்களின் வேலைதான் அங்கே நடந்தது. பாட்டாவுக்குப் பிறகு சித்தப்பா கொஞ்ச காலம் ஓட்டினார். அப்புறம் பூட்டிக் கிடந்தது. லேத்துக்கு முன்பே ஆள் பேசியாயிற்று. ஸ்பேனர், அரம், சுத்தியல் எல்லாவற்றையும் அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்குமாகக் கூறு போட்டாயிற்று. மிஞ்சியது பெஞ்சோடு முறுக்கிக் கிடந்த பெரிய வைஸ், இரும்பைத் தாடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும் சாதனம். அது எனக்கு வேண்டும் என்று கேட்டேன். சித்தப்பா தலையாட்டிவிட்டார். அத்தைதான் விடவில்லை.

"எடுக்கப்போறவனே வெல சொன்னா அது வெலயா மக்கா? நாலு எடத்துல கேட்டுட்டு வா."

நியாயமான பேச்சு. ஆகவே எனக்கு இரண்டு வேலை: இது என்ன பொருள் என்று தெரிய வேண்டும், மூன்று வீட்டாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு தொகை வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம் என்பது போகப்போகத் தெரிந்தது.

வீட்டில் அந்த வைஸைப் பற்றிக் கதைகள் உண்டு. வெள்ளைக்காரன் எஸ்டேட்டில் ஏலம் எடுத்தது, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றைக்கு லட்ச ரூபாய் பெறும். கடைசிக் கதைக்குக் காரணம் சித்தப்பா மகன். ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் பவுண்டில் போட்டிருந்த விலையை ரூபாயாக்கி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அங்கே ஒருவர் கேட்கும் விலை வேறு, அந்த விலைக்கு உண்மையில் கைமாறுவது வேறு. அதோடு முப்பது கிலோ இரும்பைக் கடல் தாண்டி அனுப்பும் கூலியை யார் தருவார்கள்? அந்தக் கணக்கை அன்றைக்கே ஓரமாக வைத்துவிட்டேன்.

முதலில் எழுத்தைப் படிக்க வேண்டும். வைஸின் மேல் பச்சை, சிவப்பு, அதற்குள் நீலம் என்று அடுக்கடுக்காகப் பெயின்ட். ரோலருக்கு அடித்து மிஞ்சியதையெல்லாம் பாட்டா இதற்கும் ஒரு கை பூசியிருக்கிறார். சுரண்டிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். ஆனால் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டினால் வார்ப்பில் புடைத்திருக்கும் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். நான் செய்தது இவ்வளவுதான்: டீசல் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கையாகப் பிடித்து மேலாகத் தேய்த்தேன். புடைப்பில் மட்டும் சாக்பீஸ் பிடிக்கும். பக்கவாட்டில் ரெக்கார்ட் என்ற ஆங்கில எழுத்துகள் வந்தன. அப்புறம் நம்பர் 6. அதன் கீழே மேட் இன் இங்கிலாந்து.

ரெக்கார்ட் என்பது இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்து சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் கம்பெனியின் முத்திரை. கம்பெனி 1898ல் தொடங்கியது. ரெக்கார்ட் என்ற பெயரை 1909ல் பதிவு செய்தார்கள். 1972ல் ரிட்ஜ்வே கம்பெனியோடு சேர்ந்து ரெக்கார்ட் ரிட்ஜ்வே ஆனார்கள். நம்பர் 6 என்றால் தாடை அகலம் ஆறு இஞ்ச், இன்றைய கணக்கில் 150 மில்லிமீட்டர். ஐந்தாம் நம்பருக்கும் ஐந்து இஞ்ச்தான். ஆனால் மூன்றாம் நம்பர் நான்கு இஞ்ச், ஒன்றாம் நம்பர் மூன்று இஞ்ச். அதனால் நம்பரைப் பார்த்ததோடு நிற்காமல் தாடையை அளந்துவிடுவது நல்லது. நம்முடையது சரியாக ஆறு.

கம்பெனி தெரிந்தாலும் வயது தெரிவதில்லை. ஒரே நம்பரைப் பல பத்தாண்டுகள் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். இங்கே கைகொடுத்தது பாட்டாவின் கணக்கு நோட்டு. ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்ததை அத்தைதான் எடுத்துத் தந்தார். "1136 தை 12, பழய வைசு 1, ரூ. 60" என்று ஒரு வரி. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்குப் பிறகும் பாட்டா திருவிதாங்கூர்ப் பழக்கம் விடாமல் கொல்லம் ஆண்டுதான் எழுதியிருக்கிறார். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பது, எனவே தை மாதத்துக்கு 825 கூட்ட வேண்டும். 1961 ஜனவரி. அப்போதே "பழய வைசு". ஆக 1909க்கும் 1961க்கும் இடையில் வார்த்தது; ஹாம்ப்டன் காலத்துச் சரக்கு. நூறு வருஷம் என்று சத்தியம் செய்ய முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது. எஸ்டேட் ஏலத்தைப் பற்றி நோட்டில் ஒரு சொல்லும் இல்லை. சித்தப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அடுத்து, கோணம் ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு சாரைப் பட்டறைக்கே அழைத்து வந்தேன். அவர் பெயரைப் பார்க்கவே இல்லை. "எழுத்து கெடக்கட்டும். சாடையைப் பார்த்து ஏமாறவும் கூடாது. ஜலந்தர்லயும் இதே சாடையில வார்க்கத்தான் செய்யுதான். கழத்து, உள்ள பாப்போம்" என்றார்.

கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போய் முன்தாடையை முழுவதுமாக வெளியே இழுத்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பழைய வைஸின் விலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. சார் ஸ்க்ரூவைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். வைஸில் பிடிக்கிற வேலைகள் பெரும்பாலும் ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச் கனம்தான். அதனால் ஸ்க்ரூவின் ஒரே பகுதிதான் எப்போதும் நட்டுக்குள் உரசிக்கொண்டிருக்கும்; நுனிப் பக்கம் அநேகமாகப் புதிதாகவே இருக்கும். நுனிப் பல்லின் கனத்தையும் நடுப்பல்லின் கனத்தையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து ஒப்பிட்டால் தேய்மானம் தெரிந்துவிடும். பல் கத்தி முனை மாதிரி கூராகிவிட்டிருந்தால் அந்த வைஸுக்கு இரும்பு விலைதான். நம்முடையதில் தேய்மானம் இருந்தது, ஆனால் பல்லின் தலை இன்னும் தட்டையாகவே இருந்தது. நட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "கொள்ளாம்" என்று ஒரு சொல். அவரிடமிருந்து அது பெரிய சான்றிதழ்.

பிறகு விரிசல். வார்ப்பிரும்பு வளையாது, பொறுக்கும்வரை பொறுத்துவிட்டு உடையும். உடைந்ததைப் பித்தளை ஊற்றிப் பிராசிங் பண்ணி, மேலே புட்டி போட்டுப் பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. போல்ட் போடும் காதுகள், நட்டு உட்காரும் இடம், முன்தாடையின் கழுத்து, இந்த மூன்று இடத்தையும் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பூசச் சொன்னார். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் கோடாக ஊறி வரும். ஒன்றும் வரவில்லை. சின்னச் சுத்தியலால் தட்டியும் பார்த்தார், ஒரு காதிலும் அடைத்த சத்தம் கேட்கவில்லை.

கைப்பிடி கொஞ்சம் வளைந்திருந்தது. யாரோ பைப் சொருகி முறுக்கியிருக்கிறார்கள். யார் என்று சித்தப்பாவைக் கேட்டோம். அவர் வெளியே மழை வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

குறை என்று உண்மையில் அகப்பட்டது தாடைத் தகடுகள். வேலைத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் குறுக்குவெட்டு வரிகள் நடுவில் மழுங்கி, ஒரு தகட்டின் ஓரம் பெயர்ந்திருந்தது. வைஸை மூடும்போது வலது, நடு, இடது என்று மூன்று காகிதக் கீற்றுகளைச் சேர்த்துப் பிடித்தோம். ஓரத்துக் கீற்றுகள் கிழிந்துதான் வந்தன, நடுக்கீற்று வழுக்கிக்கொண்டு வந்தது. தகடு மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் துருவேறி இறுகிப்போயிருந்தன. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் லேசாகச் சூடுகாட்டிய பிறகே அசைந்தன. கழற்றிப் பார்த்தால் விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து முறை மரை, பல்லின் கோணம் 55 டிகிரி. இப்போது நாகர்கோவில் ஹார்டுவேர் கடைகளில் சாதாரணமாகத் தருவது மெட்ரிக், 60 டிகிரி. இரண்டு சுற்று போய் இறுகி நிற்கும். பலவந்தமாகத் திருகினால் உடம்பின் மரை போய்விடும். விட்வொர்த் மரை இருப்பதாலேயே இங்கிலாந்துச் சாமான் என்று முடிவு கட்டக் கூடாது என்றும் சார் சொன்னார். மெட்ரிக் முறைக்கான சட்டம் வந்ததே 1956ல்தான், அதற்கு முன் நம் ஊர்ப் பட்டறைகளிலும் நூல் கணக்கும் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்) விட்வொர்த்தும்தானே.

சரி, இனி விலை. முதலில் ஆக்கர் கடை, அதாவது பழைய இரும்புக் கடை. அங்கே ரெக்கார்டும் ஒன்றுதான், உடைந்த ஆட்டுக்கல் மோட்டாரின் உறையும் ஒன்றுதான். தராசில் 31 கிலோ, கிலோ 33 ரூபாய். ஆயிரத்துச் சொச்சம். இதற்குக் கீழே போகாது என்பதற்கு அது ஒரு தரை.

மேலே எவ்வளவு போகும் என்று பார்க்க நாகர்கோவிலில் புதிய ஆறு இஞ்ச் வைஸ் விலை கேட்டேன். சாதாரண ரகம் ஆறாயிரத்துக்குச் சற்று மேல் சொன்னார்கள். அதைவிடக் கனமானது வேண்டுமென்றால் வரவழைக்க வேண்டுமாம். பிறகு திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருப் பக்கம் பழைய டூல்ஸ் வாங்கி விற்கும் ஒருவரிடம் படங்களைக் காட்டினேன். அவர் நேர்மையாகவே பேசினார்: துடைத்து, தகடு மாற்றி வைத்தால் எட்டாயிரம் வரை போகலாம், ஆனால் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் தான் வாங்குவதென்றால் நான்காயிரம். வியாபாரிக்கு இடமும் காத்திருப்பும் காசு. அந்த எட்டாயிரத்தை வீட்டில் போய்ச் சொன்னால் எல்லோருக்கும் அதுதான் காதில் நிற்கும், நான்காயிரம் நிற்காது. இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிக்கொண்டேன்.

நான் பெரிதாக மதித்தது மார்த்தாண்டத்தில் லேத் வைத்திருக்கும் அண்ணன் சொன்ன விலையை. அவர் வாங்கி விற்பவர் இல்லை, சேகரிப்பவரும் இல்லை. வைஸ் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாதவர். நேரில் வந்து, ஒரு இரும்புப் பட்டையைப் பிடித்து அரம் போட்டுப் பார்த்தார். "பேருக்கு நான் காசு தரமாட்டேன் தம்பி. ஆனா இந்தக் கனம் புதுசுல கிடையாது. தகடு சரியா இருந்தா ஆறாயிரம் எண்ணி வச்சிட்டுத் தூக்கிட்டுப் போவேன்" என்றார். தகடு செய்ய என்ன ஆகும் என்று கேட்டேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு இளக்கி, அளவுக்கு அறுத்து, ஓட்டை போட்டு, வரி வெட்டி, திரும்பப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி, அப்புறம் மிதமாகச் சூடுகாட்டி டெம்பர் எடுத்து, பழைய விட்வொர்த் ஸ்க்ரூவுக்கே பொருத்தித் தர 900 ரூபாய்.

ஆறாயிரத்தில் 900 கழித்தால் 5,100. மூன்றாகப் பிரித்தால் 1,700. அந்தத் தாளையும் சாக்பீஸ் தேய்த்து எடுத்த படத்தையும் கணக்கு நோட்டையும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மூவரிடமும் விவரம் சொன்னேன். அத்தை மகன், என் மச்சான், லேத் அண்ணனுக்கு நேராகவே ஃபோன் போட்டு விலையை உறுதி செய்துகொண்டான். எனக்கு அதில் சங்கடம் ஒன்றுமில்லை, அதற்காகத்தான் நம்பரையும் எழுதி வைத்திருந்தேன். எட்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா மகன் கொஞ்சம் மல்லுக்கட்டினான். "அப்படின்னா நீ அந்த வெலைக்கு எடுத்துக்கிடு" என்று சித்தப்பாவே சொன்னதும் பேச்சு முடிந்தது.

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று: விலை பேசி முடிக்கும்வரை பெயின்ட் அடிக்காதீர்கள். புதுப் பெயின்ட்டைக் கண்டாலே பார்க்க வருகிறவர் விரிசலை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். பேசி முடித்த பிறகு நான் ஸ்க்ரூவையும் கைப்பிடியையும் மட்டும் துரு நீக்கினேன். பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கலந்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கம்பி துருப்பிடித்த சாமானுக்கு, பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடக் கூடாது, தண்ணீரில் குரோமிய விஷம் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் இதை அறைக்குள் செய்யாமல் முற்றத்தில் வைத்துச் செய்ய வேண்டும்.

அத்தை தன் 1,700 ரூபாயை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வைஸைக் கழற்ற ஆள் வந்து, மூன்று நூல் கனமுள்ள போல்ட்டுகளை அறுத்துக்கொண்டிருந்தபோது பெஞ்சை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"இது அயினி மரத்தடியாக்கும். இதுக்கு யாரு வெல வச்சா?"

அடுத்த வாரம் தச்சு ஆசாரி வருகிறார்.